மலையின் வயிறு

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் வண்டி நின்றபோது வெயில் இன்னும் ஏறவில்லை. பங்குனி மாதம். பொன்னாத்தாள் வண்டிக்குள் வைக்கோல்மேல் சாய்ந்திருந்தாள். வழியெல்லாம் இருமியதில் குரல் கம்மிப் போயிருந்தது.

சின்னக்கண்ணு ஆட்களோடு காத்திருந்தார். மூங்கில் கழியில் கெட்டிப் போர்வையைத் தூளியாகக் கட்டி வைத்திருந்தார்கள். அவர் மலைமேல் வாழவந்தி நாட்டுக்காரர். பொன்னாத்தாளின் கணவன் சாமியப்பனுக்குச் சேந்தமங்கலத்துக்கு மேற்கே மேட்டுக்காடும் ஒரு கிணறும் இருந்தன. இரண்டு குடும்பத்துக்கும் அப்பன் காலத்துப் பழக்கம். கோடையில் கீழே புல் கருகியதும் சாமியப்பன் வீட்டு மாடுகள் மலையேறும். சின்னக்கண்ணு மேய்த்து, மழை விழுந்ததும் இறக்கிக் கொண்டுவந்து விடுவார். மேலே ஒரு மாடு செத்துப்போனால் அதன் கழுத்து மணியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு நிற்பார். யாரும் அவரை ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதுதான் ஏற்பாடு.

"மாட்டுக்குப் பதிலா இந்த வருசம் என்னைய ஓட்டிவிடறாரு, பாத்தீங்களாண்ணா," என்றாள் பொன்னாத்தாள். "நாஞ் செத்துட்டா எதைக் கொண்டாந்து வாசல்ல வெப்பீங்க? எங்கழுத்துல மணிகூட இல்லையே."

"நேரமே எந்திரிச்சு வந்து பேசற பேச்சப் பாரு," என்றான் சாமியப்பன்.

சின்னக்கண்ணு சிரித்தார். "மலைக்கு வந்த மாடு எளச்சு எறங்குனதில்லீங்க, அம்மிணி. கொழுத்துத்தான் எறங்கும்."

சேலத்து டாக்டர் நெஞ்சில் புண் என்று சொல்லியிருந்தார். முட்டை, பால், குளிர்ந்த காற்று. அடுத்த பங்குனி வரை புழுதியும் வெக்கையும் ஆகாது. அவர் சொன்ன ஆஸ்பத்திரிகள் எல்லாம் எட்டாத தூரத்தில் இருந்தன. வேறு வழி இல்லையா என்று சாமியப்பன் கேட்டதற்கு, உயரமான மலை எதுவாக இருந்தாலும் சரி என்றார். ஊர் திரும்பும்போது கிழக்கே கொல்லிமலை நீலமாகக் கிடந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த மலை. அன்றுதான் அதன் உயரத்தைப் பார்த்தான்.

தூளியில் ஏறுமுன் சின்னக்கண்ணு அவளைச் சுற்றி ஒரு சேலையை மூடிக் கட்டினார்.

"எதுக்குங்க இது? மூச்சு முட்டுது."

"வயித்தத் தாண்டற வரைக்கும் இருக்கட்டுமுங்க."

மலைக்குக் கால், வயிறு, தலை என்று மூன்று உண்டு என்றார் அவர். கால் காய்ந்த கரடு. தலை குளிர்ந்த சமவெளி. இரண்டுக்கும் நடுவே ஓடைகளும் மூங்கிலும் பெருமரங்களும் அடைந்த சோலை. அங்கே காற்று அசையாது. அதுதான் வயிறு. மலைக்காரர்கள் சந்தைக்கு இறங்கினால், பொழுது விழுவதற்குள் அதைத் தாண்டி மேலே வந்துவிடுவார்கள். முடியாவிட்டால் மேற்கே நடந்து வெட்டவெளியில், கட்டாந்தரையில் படுப்பார்கள்.

"அங்க படுத்தா என்னாகுமுங்க?" என்றான் சாமியப்பன்.

"செரிச்சுப்புடும்," என்றார் சின்னக்கண்ணு. தூளியின் முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

சேலைக்குள் இருந்த பொன்னாத்தாளுக்கு வழி தெரியவில்லை. ஆனால் உடம்புக்குத் தெரிந்தது. முதலில் அனல். பிறகு சட்டென்று ஈர இலையின் வாசனையும் ஓடைச் சத்தமும். கழுத்தெல்லாம் வேர்த்தது. ஆட்களின் மூச்சு இறைத்தது. வெகுநேரம் கழித்து வேர்வை குளிர ஆரம்பித்தது. சின்னக்கண்ணு சேலையை அவிழ்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். அதற்கு அப்பால் சாமை அறுத்த தாள். பலா மரங்களில் மிளகுக்கொடி. ஒரு மேகம் அவர்கள் நின்ற இடத்துக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குக் குளிரெடுத்தது. பங்குனியில் குளிரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

*

சின்னக்கண்ணுவின் மனைவி பாப்பாயி தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குச்சு வேய்ந்து வைத்திருந்தாள். தனி வட்டல், தனிச் செம்பு. "கோச்சுக்காத கண்ணு. எங்க ஊட்லயும் புள்ளைங்க இருக்குது," என்றாள். பொன்னாத்தாளுக்குக் கோபம் வரவில்லை. ஊரில் சொந்தக்காரர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். இங்கே பாப்பாயி தினமும் வந்து எதிரே உட்கார்ந்தாள். ஊர்க்கதை கேட்டாள். பாயைத் தானே எடுத்து வெயிலில் போட்டாள்.

சாமியப்பனால் நினைத்தபோது வர முடியாது. அவன் வீட்டில் அவனும் விதவையான அக்கா காளியாத்தாளும்தான். தினமும் விடியலிலிருந்து மாடு பூட்டி நீர் இறைத்தால்தான் பயிர் நிற்கும். அமாவாசை அன்று மட்டும் எருதுகளைப் பூட்டுவதில்லை. ஊரில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். அதனால் அவன் அமாவாசைக்கு அமாவாசை வருவதாகச் சொல்லிப் போனான்.

சித்திரை அமாவாசைக்கு வந்தான். முதல் நாள் மாலை வரை நீர் இறைத்துவிட்டு, அன்று கோழி கூப்பிடப் புறப்பட்டு, மேலே வந்து சேரும்போது உச்சிப்பொழுது ஆகியிருந்தது. முகமெல்லாம் புழுதி. உட்கார்ந்து கொஞ்சம் பேசினான். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்றான். செவலை எருது கொம்பை மரத்தில் முட்டிக்கொண்டது என்றான். அதற்குள் சின்னக்கண்ணு வந்து வெளியே நின்றார்.

"பொழுது சாயுதுங்க. இப்ப எறங்குனாத்தான் வயித்தத் தாண்டலாம்."

"இப்பத்தானேங்க வந்தேன்."

"அது சரிங்க. பொழுதுக்கு அது தெரியாதுங்களே."

சாமியப்பன் எழுந்தான். பொன்னாத்தாள் விளிம்புப் பாறை வரை கூடப்போனாள். அங்கிருந்து பார்த்தால் கீழ்நாடு முழுவதும் தெரியும். சாம்பல் நிறத்தில் வெந்து கிடந்தது. ஊர் எது என்று தெரியவில்லை. இங்கே அவள் தோளில் கம்பளி.

"இத்தனை நடந்து வந்து இந்த நேரந்தானா," என்றாள்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டு இறங்கினான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டான்.

வைகாசி அமாவாசை அன்று பனி விலகுமுன் குச்சு வாசலில் நின்றான். அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் வேப்பங்குச்சியோடு சிரித்தாள்.

"பறந்தா வந்தீங்க?"

அவன் சின்னக்கண்ணுவின் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நேத்துப் பொழுதோட எருத அவுத்து வுட்டுட்டு நடந்தேன். காரவள்ளி தாண்டிச் சோலைக்கு வாரப்ப இருட்டு. அமாவாச இருட்டுல மேல ஏற முடியாதல்ல. சோலையில ஒரு பாறை இருக்குது புள்ள, கட்டிலாட்ட. மேல புளியமரம். பக்கத்துல ஓட. அதுல படுத்து எந்திரிச்சு வந்துட்டேன்."

"வயித்துலயா? அண்ணன் வேண்டாம்னாரே."

"மாடா நானு, செரிச்சுப்போறதுக்கு? நம்மூர்ல இந்த வெக்கையில தூக்கமே வாரதில்ல. அங்க என்ன ஓடச் சத்தம், என்ன தண்ணி. கொசுத்தான் சித்தெ புடுங்குது. அண்ணங்கிட்டச் சொல்லீராத."

அவள் சொல்லவில்லை. அன்று பகல் முழுவதும் அவன் இருந்தான். அவளுக்குத் தலை சீவிச் சிக்கு எடுத்தான். மலையில் யாரும் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அவள் கேட்டாள். எருதுக்கு உண்ணி பிடுங்குகிறேன் என்று சொல்வேன் என்றான். மதியம் பாப்பாயி கொடுத்த சாமைச்சோறும் அவரைக்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார்கள்.

"கீழ நம்மூரு அடுப்பு," என்றான். "நடுவுல சோலை, கொதிக்கற பானை. ஆவியாப் போகுது. மேல உறி. உன்னைய உறியில வெச்சிருக்கறேன்."

"பூனை எட்டாம."

"பூனதான் மாசம் ஒருக்கா ஏறி வருதே."

அவள் சிரித்தபோது இருமல் வரவில்லை. இருவரும் அதைக் கவனித்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லா அமாவாசையும் அப்படித்தான். அவன் வரும்போது வேட்டிக் கரையில் சோலைப்புல்லின் விதைகள் ஒட்டியிருக்கும். அவை வெட்டவெளியில் முளைக்காத புல். அவன் முகம் கழுவும் நேரத்தில் பொன்னாத்தாள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிடுவாள். சின்னக்கண்ணு ஒருமுறை, "நல்லா நேரமே வந்துட்டீங்க," என்றார். "கால் வேகமுங்க," என்றான் சாமியப்பன். அவர் அவனுடைய துண்டைப் பார்த்தார். அது நனைந்திருந்தது. கட்டாந்தரையில் அந்த மாதம் பனி இல்லை.

ஆவணியில் அவளுக்குக் கன்னம் தேறியது. கோழி முட்டையும் தேனும் பசும்பாலும். புரட்டாசியில் பாப்பாயியோடு சாமைக்காட்டில் களை எடுக்கக் குனிந்தாள். எழுந்தபோது மூச்சு வாங்கவில்லை. மழை மேலே ஒருவிதமாகப் பெய்தது. கீழே வேறுவிதமாகப் பெய்தது. பாறையில் நின்றால், ஒரே நேரத்தில் காலடியில் மேகமும் தொலைவில் வெயிலும் தெரிந்தன. தன் ஊரில் இப்போது என்ன பெய்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. மாதம் ஒருமுறை ஒருவன் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

*

கார்த்திகை அமாவாசைக்கு அவன் தாமதமாக வந்தான். கண் சிவந்திருந்தது. வந்ததும் குச்சுக்குள் நுழைந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டான். பல் கிட்டியது. பொன்னாத்தாள் தன் கம்பளியையும் அவன்மேல் போட்டாள். அப்படியும் கட்டில் நடுங்கியது.

"ஊர்ல இந்த ஒதறல் இல்லாம வெறுங் காச்சலா ரெண்டு மூணு தடவ வந்திருச்சு புள்ள. ஒரு நாள் வுட்டு ஒரு நாள் வரும். அப்பறம் நின்னுபோவும்."

"மருந்து?"

"தபாலாபீசுல காச்சலுக்குக் கொயினாப் பொட்டலம் கேட்டேன். சண்டைக்குப் போகுதாம். சிப்பாய்களுக்கே பத்தலியாமா."

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று உடம்பு கொதித்தது. கம்பளிகளை உதறினான். அதன்பின் வேர்த்தது. பாய் நனைந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதவன் போலக் கஞ்சி கேட்டான்.

சின்னக்கண்ணு வந்து வாசலில் குந்தினார். அவனுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"எங்க படுத்தீங்க?"

"எப்பவும் படுக்கற எடந்தானுங்க. மேற்க, வெட்டவெளியில."

"சோலையில படுக்கலியே?"

"இல்லீங்க."

அவர் பொன்னாத்தாளின் பக்கம் திரும்பினார். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் சின்னக்கண்ணு ஒரே வார்த்தை சொல்வார். நிலவுள்ள நாளில் வாருங்கள், இல்லையென்றால் வராதீர்கள் என்பார். நிலவுள்ள நாளில் எருது பூட்ட வேண்டும். அப்புறம் பங்குனி வரை அவன் வர மாட்டான். பங்குனிக்கு இன்னும் எத்தனையோ அமாவாசை இருந்தன.

அவள் ஒரு வட்டலிலிருந்து இன்னொன்றுக்குக் கஞ்சியை ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள்.

"இந்தக் குளிருதானுங்க," என்றான் சாமியப்பன். "எங்க ஊரு ஒடம்புக்கு மலைக்குளிரு ஒத்துக்கல. மேல வந்ததும் ஒதறல் எடுக்குது பாருங்க."

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. பொன்னாத்தாளுக்கும் நியாயமாகப் பட்டது. கீழே நடுங்கியவர்களை அவர்கள் பார்த்ததில்லை. குளிர் என்றால் மலையின் குளிர்தான். அதனால் அன்று, பேச்சு முடியுமுன்பே, வெயில் இருக்கும்போதே இறங்கிவிட்டான். மேலே இருக்கும் நேரத்தைக் குறைத்தால் தேவலாம் என்று இருவரும் நினைத்தார்கள்.

பாறையில் நின்று வழியனுப்பும்போது அவன் மெதுவாகச் சொன்னான். "ஊரு வரைக்கும் ஒரே மூச்சுல நடக்கக் காலு வாராது புள்ள. அந்தப் பாறையில ராவுக்குத் தங்கிக்கறேன். அங்க கதகதன்னு இருக்குது. குளிரே தெரியாது."

"தங்கிக்கங்க," என்றாள் அவள். "கம்பளியக் கொண்டு போங்க."

"அது இங்கயே இருக்கட்டும். அடுத்த அமாவாசைக்கு வேணுமல்ல."

*

மார்கழி அமாவாசை அன்று அவள் விடியுமுன் எழுந்து பாறைக்குப் போனாள். பனி கீழே பால் போல நின்றது. வழி முழுக்க அதற்குள் இருந்தது. வெயில் ஏறிப் பனி கலைந்தது. யாரும் ஏறி வரவில்லை. மாலை வரை உட்கார்ந்திருந்தாள். பாப்பாயி சோறு கொண்டுவந்து வைத்தாள். காக்கை தின்றது.

அடுத்த சந்தைக்கு இறங்கிய சின்னக்கண்ணுவிடம் சொல்லி அனுப்பினாள். அவர் சந்தையில் சாமியப்பனின் ஊர்க்காரர் செங்கோடனைப் பார்த்து விசாரித்து வந்தார்.

"காச்சலாமுங்க. எந்திரிச்சு உக்காந்துக்கறாராம். தை அமாவாசைக்கு வாரேன்னு சொன்னாராம்."

"வேற என்ன சொன்னாங்க?"

"அவ்வளவுதாஞ் சொன்னாங்க," என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

தை அமாவாசைக்கும் அவன் வரவில்லை. மறுநாள் காலையில் அவள் தன் வட்டலையும் செம்பையும் கழுவிக் கவிழ்த்தாள். மூட்டை கட்டினாள்.

"பங்குனி வரலியே, கண்ணு," என்றாள் பாப்பாயி. "ஒடம்பு இப்பத்தான் தேறுது. புழுதியில போயி மறுக்கா வந்துச்சுன்னா?"

"வந்தா வரட்டுமுங்க அக்கா."

"பொழைக்கத்தான உன்னைய இத்தனை தூரம் தூக்கியாந்து வுட்டாரு."

"அவரத் தூக்கியாறதுக்கு யாரு இருக்கறாங்க?"

பாப்பாயி அவள் தலையைத் தடவினாள். குச்சின் மூலையில் கம்பளி மடித்து வைத்திருந்தது. பொன்னாத்தாள் அதை எடுக்கவில்லை. அவனைத் தேற்றி இங்கே கூட்டிவரலாம் என்ற எண்ணம் இருந்தது.

இந்தத் தடவை தூளி இல்லை. அவளே நடந்தாள். சின்னக்கண்ணு முன்னால் போனார். புல்வெளி முடிந்தது. மரங்கள் நெருங்கின. மூங்கில் வந்தது. அவள் முதல்முறையாக மலையின் வயிற்றைக் கண்ணால் பார்த்தாள். பயப்படும்படி அங்கே ஒன்றும் இல்லை. இலைகளுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக விழுந்தது. சின்னச் சின்னக் குட்டைகளில் தண்ணீர் தெளிந்து நின்றது. வண்ணத்துப்பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. அவள் பார்த்த இடங்களிலேயே அதுதான் அழகாக இருந்தது.

புளியமரத்தடியில் அந்தப் பாறை இருந்தது. கட்டில் போலத்தான் இருந்தது. பக்கத்தில் மூன்று கல், பழைய சாம்பல், ஒரு வேப்பங்குச்சி. வேப்பமரம் அந்தச் சோலையில் இல்லை. ஊரிலிருந்து ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அவள் உட்காரப் போனாள்.

"இங்க வேண்டாம் சாமி," என்றார் சின்னக்கண்ணு. "நடங்க."

அவர் அந்தப் பாறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. யார் படுத்த இடம் என்றும் கேட்கவில்லை.

காரவள்ளிக்கு அப்புறம் வெயில் அடித்தது. கிளுவை வேலிகளும் பனைகளும் வந்தன. தை மாதத்திலேயே புழுதி பறந்தது. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தாள்.

*

எருதுகள் கொட்டகையில் நின்றன. பூட்டவில்லை. நேற்றே அமாவாசை முடிந்துவிட்டது, இன்று பூட்டியிருக்க வேண்டும் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

காளியாத்தாள் அவளை வாசலில் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "உன்னைய யாரு வரச் சொன்னது?" என்றாள். பிறகு அவள் கன்னத்தையும் கையையும் பார்த்தாள். "நல்லாத் தேறிட்டே," என்றாள். அதைச் சொல்லும்போது அழுதாள்.

"சொல்லி அனுப்பிச்சிருக்கலாமே, நங்கையா."

"அவன் உடுலை. நீ வந்தா எல்லாம் பாழாப் போவும்னான். செங்கோடங்கிட்டயும் அவந்தான் அப்படிச் சொல்லச் சொன்னான்."

சாமியப்பன் உள்ளே கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். கண் மஞ்சளாக இருந்தது. கைகால் குச்சியாகிவிட்டன. வயிறு மட்டும் இடப்பக்கம் எழும்பி, தொட்டால் கல் போல இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"ஏம்புள்ள எறங்குன? பங்குனி வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க," என்றாள்.

அவன் அதை நம்பினான். "இருமு பாக்கலாம்."

"இருமல் வரலீங்க."

"சும்மா இருமு."

அவள் இருமிக் காட்டினாள். அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். காளை வாங்குபவன் பல்லைப் பார்ப்பது போலக் கவனமாகக் கேட்டான். "சுத்தமா இருக்குது," என்றான். "டாக்டரு கெட்டிக்காரரு."

காய்ச்சல் இப்போது ஒரு நாள்கூட விடவில்லை. அவள் பக்கத்திலேயே இருந்தாள். ஈரத்துணி போட்டாள். சேந்தமங்கலத்து வைத்தியர் கசாயம் கொடுத்தார். கொயினாவுக்காகக் காளியாத்தாள் நாமக்கல் வரை போய் வெறுங்கையோடு வந்தாள். கிழக்கே ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. அவனை அங்கே கொண்டுபோகலாமா என்று பொன்னாத்தாள் கேட்டாள். வைத்தியர் தலையாட்டவில்லை.

ஒருநாள் மதியம் நடுக்கம் வந்தது. அவள் வீட்டில் இருந்த போர்வை எல்லாம் எடுத்துப் போட்டாள். பல் அடித்துக்கொள்வதற்கு நடுவே அவன் சொன்னான்.

"இப்ப மேல வந்துட்டேன். உங்குச்சுல இருக்கறேன்."

பிறகு கொதித்தது. போர்வைகளைத் தள்ளினான். "இது நம்மூரு. சித்திர வெயிலு."

வேர்வை வந்தபோது கண்ணை மூடியிருந்தான். அவள் அவன் கழுத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது.

"இது எந்த எடமுங்க?" என்று கேட்டாள்.

"பாறை," என்றான். "ஓடச் சத்தங் கேக்குது. நல்லா இருக்குது புள்ள. சித்தெ தூங்கறேன்."

மறுநாளும் அதேபோல மூன்றும் வந்தன. அதற்கு மறுநாள் நடுக்கம் வந்தது, கொதிப்பு வந்தது. வேர்வை வரவில்லை. நினைவும் திரும்பவில்லை. மாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எடுத்துப்போன அன்று ஊரில் ஒருவரும் எருது பூட்டவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்களில் ஒருத்தி, "சீக்காளி எந்திரிச்சு நிக்கறா, கல்லாட்டம் இருந்தவன் போயிட்டான்," என்று மற்றவளிடம் சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள். பொன்னாத்தாளுக்குக் கேட்டது. அவளுக்கு அதில் தப்பு தெரியவில்லை.

*

பங்குனியில் ஒரு காலை சின்னக்கண்ணு வந்தார். முதல் நாளே இறங்கி, வெட்டவெளியில் படுத்து எழுந்து வந்திருந்தார். தோளில் சாமியப்பனின் கம்பளி இருந்தது. அதை நான்காக மடித்து வாசலில் வைத்தார். வைத்துவிட்டு நின்றார்.

பொன்னாத்தாள் வெளியே வந்தாள். கம்பளியைப் பார்த்தாள். அவரை ஒன்றும் கேட்கவில்லை.

காளியாத்தாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வேப்பமர நிழலில் குந்தினார். கொஞ்ச நேரம் மாடுகளைப் பார்த்தார். செவலை எருதின் கொம்பில் முட்டிய தழும்பு இருந்தது.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்க," என்றாள் பொன்னாத்தாள். "எங்க படுத்தீங்கன்னு."

"ஆமாங்க."

"நாங் கஞ்சி ஆத்திக்கிட்டு இருந்தேன்."

அவர் தரையில் ஒரு குச்சியால் கோடு போட்டார்.

"எனக்குந் தெரியும் சாமி," என்றார். "ஆனியிலயே தெரியும். துண்டு நனைஞ்சிருந்துச்சு. வேட்டியில நீ புடுங்காம வுட்ட புல்லு ஒண்ணு ரெண்டு இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு வார அன்னிக்கு மட்டுந்தான் நீ ரெண்டாவது வட்டல் சோறு கேப்பே. பாப்பாயி வந்து சொல்லுவா. சரி, நீ பொழைச்சுக்குவேன்னு இருந்துட்டேன். எங்காளுங்கள்ள ஒருத்தன் படுத்திருந்தாக் கையப் புடிச்சு இழுத்தாந்திருப்பேன்."

கோழி ஒன்று கம்பளிமேல் ஏறியது. காளியாத்தாள் வந்து விரட்டினாள். கம்பளியை எடுத்து உள்ளே கொண்டுபோனாள்.

வெயில் ஏறியது. சின்னக்கண்ணு தொண்டையைச் செருமினார். "புல்லுக் கருகிருச்சே. மாட்ட ஓட்டிக்கிட்டுப் போகட்டுங்களா?"

"கெடாரி ரெண்டையும் ஓட்டிக்கங்க. எருது இருக்கட்டும். தண்ணி எறைக்கோணும்."

"யாரு எறைக்கறது?"

"நாந்தான்."

அவர் அவளுடைய நெஞ்சைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். பிறகு கேட்காமல் விட்டுவிட்டு எழுந்து கிடாரிகளின் கயிற்றை அவிழ்த்தார். காளியாத்தாள் உள்ளிருந்து, உலை வைத்துவிட்டேன், சோறு உண்ணாமல் போகக் கூடாது என்றாள்.

"இருந்து உண்டுட்டுப் போறனுங்க," என்றார் சின்னக்கண்ணு.

பொன்னாத்தாள் வானத்தைப் பார்த்தாள். நிழல் வேப்பமரத்தின் அடிக்கு வந்துகொண்டிருந்தது. இங்கிருந்து காரவள்ளி. காரவள்ளியிலிருந்து சோலை. கிடாரிகள் மெதுவாகத்தான் ஏறும். அவள் உள்ளே போய் நேற்றைய கம்பங்களியை ஒரு பாக்குமட்டையில் வைத்துக் கட்டி எடுத்து வந்தாள்.

"உலை கொதிக்குது புள்ள," என்றாள் காளியாத்தாள். "ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குப் பழசையா கட்டிக் குடுப்பே?"

பொன்னாத்தாள் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள்.

"வழியில உண்டுக்கங்கண்ணா," என்றாள். "பொழுது விழறதுக்குள்ள தாண்டீருங்க."